உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு முதலுதவி: இரண்டு சனிக்கிழமைகளில் எதைக் கற்றுக்கொடுப்பது?

கேள்வி: அறிவியல் ஆசிரியை, பாலக்கோடு வட்டம்

அனைவருக்கும் வணக்கம். தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு வட்டத்தில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். ஜூனியர் ரெட் கிராஸ் பொறுப்பும் என்னிடமே உள்ளது.

சென்ற மாதம் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு வலிப்பு வந்தது. மறுகோடியில் நின்றிருந்த நான் ஓடி வருவதற்குள், ஒரு மாணவன் சைக்கிள் சாவியைக் கொண்டுவந்து அவள் கையில் திணித்துவிட்டான். இருவர் அவளது கை கால்களை அசையவிடாமல் தரையோடு அழுத்திப் பிடித்திருந்தனர். இன்னொருத்தி வாயில் தண்ணீர் ஊற்றப் பாத்திரத்தோடு குனிந்துகொண்டிருந்தாள். நல்ல வேளையாக இரண்டு நிமிடங்களில் வலிப்பு நின்றது. ஒருக்களித்துப் படுக்க வைத்தோம், மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம், இப்போது அவள் நலமாகப் பள்ளிக்கு வருகிறாள்.

என்னை உறுத்துவது அதற்குப் பிறகு நடந்தது. சாவி கொண்டுவந்த மாணவனின் காலாண்டுத் தேர்வு விடைத்தாளை எடுத்துப் பார்த்தேன். முதலுதவி பற்றிய வினாவுக்கு அவன் முழு மதிப்பெண் பெற்றிருந்தான். வலிப்பு வந்தவரின் கையில் இரும்புப் பொருளைக் கொடுப்பதால் எந்தப் பயனும் இல்லை என்று அவனே தெளிவாக எழுதியிருந்தான். நான்தான் அந்தப் பாடத்தை நடத்தினேன்; நான்தான் அந்த மதிப்பெண்ணையும் போட்டேன்.

தலைமையாசிரியர் எனக்கு இரண்டு சனிக்கிழமைகளை ஒதுக்கித் தந்துள்ளார், நாளொன்றுக்கு மூன்று மணி நேரம். ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் மொத்தம் 130 பேர். எங்களிடம் பயிற்சி பொம்மை இல்லை. பதினான்கு வயதுப் பிள்ளைகளால் நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கும் சி.பி.ஆர். முறையை உண்மையிலேயே செய்ய முடியுமா? விவசாயக் கிணறுகளும் பம்புசெட்டுகளும் பாம்புகளும் நெடுஞ்சாலையும் சூழ்ந்த ஊரில், இந்த ஆறு மணி நேரத்துக்குள் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: செவிலியர், தர்மபுரி

வணக்கம் அம்மா. அவசர சிகிச்சைப் பிரிவில் பதினான்கு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். உங்கள் மாணவன் மறந்துபோய் அப்படிச் செய்யவில்லை. பதற்றத்தில் மனிதன் எழுதிப் படித்ததைச் செய்வதில்லை. கண்ணால் பார்த்துப் பழகியதையே செய்கிறான். அவன் வீட்டிலோ தெருவிலோ சாவி கொடுப்பதைப் பலமுறை பார்த்திருப்பான். ஆகவே உங்கள் ஆறு மணி நேரத்தில் கரும்பலகைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். மீதி முழுவதும் மாணவர்களின் கைகள் வேலை செய்யட்டும்.

முதல் ஐயத்துக்கு வருகிறேன். பதின்மூன்று, பதினான்கு வயதில் பெரும்பாலான பிள்ளைகளால் பெரியவர்களுக்கு இணையாக நெஞ்சை அழுத்த முடியும். ஒல்லியான, எடை குறைந்த பிள்ளைகளுக்குப் போதிய ஆழம் கிடைக்காமல் போகலாம். ஆனால் நிலைமையை அறிந்துகொள்ளவும், 108-ஐ அழைக்கவும், பக்கத்தில் நிற்கும் பெரியவரிடம் "இங்கே கை வையுங்கள், இப்படி அழுத்துங்கள்" என்று சொல்லவும் அவர்களால் முடியும். அதுவும் உயிர் காக்கும் வேலைதான். பன்னிரண்டு வயது முதல் ஆண்டுக்கு இரண்டு மணி நேரம் பள்ளிகளில் இதைக் கற்பிக்க வேண்டும் என்ற பரிந்துரையை உலக சுகாதார நிறுவனம் 2015-இல் ஏற்றுக்கொண்டது. டென்மார்க் நாடு 2005-இலேயே இதைப் பள்ளிகளில் சட்டமாக்கியது. அங்கே மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில், அருகில் இருந்தவர்களால் சி.பி.ஆர். செய்யப்பட்டவர்கள் 2001-இல் நூற்றுக்கு 21 பேராக இருந்து 2010-இல் 45 பேராக உயர்ந்தனர். பள்ளிப் பயிற்சி மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது; ஓட்டுநர் உரிமத்துக்கும் அங்கே இப்பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள்.

அந்தப் பரிந்துரையில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய சொல் "ஆண்டுக்கு" என்பது. ஆறு மாதத்தில் கை மறக்கத் தொடங்கிவிடும். ஆகவே இந்த இரண்டு சனிக்கிழமைகளோடு முடித்துவிடாமல், அடுத்த பருவத்தில் ஒரே ஒரு மணி நேரமாவது திரும்பச் செய்து பார்க்க இப்போதே தலைமையாசிரியரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

செய்முறை எளிது. கீழே விழுந்தவரின் தோளைத் தட்டிக் கூப்பிட வேண்டும். பதில் இல்லை, மூச்சும் சீராக இல்லை என்றால் உடனே 108-ஐ அழைக்கச் செய்துவிட்டு, அவரைக் கெட்டியான தரையில் மல்லாத்த வேண்டும். மார்பின் நடுவில், மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் ஓர் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மற்றக் கையை வைத்து, முழங்கை மடங்காமல் உடல் எடையால் அழுத்த வேண்டும். பெரியவர்களுக்கு ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுவதும் மேலெழும்பி வரவேண்டும், இல்லாவிட்டால் இதயத்துக்குள் இரத்தம் திரும்பி நிறையாது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். இதயம் நின்று நான்கு முதல் ஆறு நிமிடங்களில் மூளை பழுதடையத் தொடங்குகிறது. நம் கிராமங்களுக்கு ஆம்புலன்ஸ் எவ்வளவு விரைந்து வந்தாலும் அந்தச் சில நிமிடங்கள் பக்கத்தில் நிற்பவரின் கையில்தான் இருக்கின்றன.

இங்கே பலரும் தடுமாறும் ஓர் இடம் உண்டு. இதயம் நின்ற சில நிமிடங்கள்வரை சிலருக்கு மீன் வாயைத் திறந்து மூடுவதுபோல, விட்டுவிட்டு இழுக்கும் ஒரு மூச்சு இருக்கும். "மூச்சு இருக்கிறது" என்று நம்பிக் காத்திருந்தே நேரத்தை இழந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். நீங்களே தரையில் படுத்து அந்த மூச்சை நடித்துக் காட்டுங்கள். பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

இன்னொன்று, நான் பயிற்சி அளிக்கும்போது கண்டறிந்தது. தமிழில் முப்பது வரை எண்ணினால் வேகம் குலைந்துவிடும். "ஒன்று, இரண்டு, மூன்று" என்று தொடங்கும்போது சரியாக வரும் தாளம், "இருபத்தேழு, இருபத்தெட்டு" என்னும்போது சொல் நீண்டு கை மெதுவாகிவிடும். ஆகவே ஒன்று முதல் பத்து வரை மூன்று முறை எண்ணச் சொல்லுங்கள். முப்பது அழுத்தங்கள் 15 முதல் 18 நொடிக்குள் முடிய வேண்டும். ஒரு மாணவன் கைக்கடிகாரத்தோடு நின்று பார்த்துச் சொல்லட்டும்.

பொம்மை இல்லையே என்று தயங்காதீர்கள். உலகெங்கும் பயன்படும் பயிற்சி பொம்மையை 1960-இல் உருவாக்கியவர் நார்வே நாட்டுப் பொம்மைத் தயாரிப்பாளர் ஒருவர்தான். அழுத்தினால் உள்ளே போய் மீண்டும் எழும்பும் ஒரு மார்புதான் நமக்குத் தேவை. காற்றைச் சற்றுக் குறைத்த கால்பந்தை ஒரு பழைய சட்டைக்குள் துணி அடைத்து வைத்துக் கட்டினால் போதும். பதின்மூன்று பந்துகள் கிடைத்தால் பத்துப் பேருக்கு ஒன்று ஆயிற்று. ஆனால் ஒன்றை மிகக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: உயிருள்ள நண்பனின் நெஞ்சில் யாரும் அழுத்திப் பழகக் கூடாது.

வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுவதை எல்லோருக்கும் கற்பிக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். திடீரென்று சுருண்டு விழும் பெரியவருக்கு அழுத்தம் மட்டும் கொடுத்தாலே போதும் என்பதே பயிற்சி பெறாத பொதுமக்களுக்கு இந்திய மருத்துவ வல்லுநர்கள் வகுத்துள்ள முறை. தண்ணீரில் மூழ்கியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டும் மூச்சு மிக முக்கியம். அங்கே மூச்சு நின்றதால்தான் இதயம் நிற்கிறது. பத்தாம் வகுப்பினருக்கு இரண்டாம் சனிக்கிழமை அதைக் காட்டுங்கள்.

பதில் 2: ஓய்வுபெற்ற ஆசிரியர், அஞ்செட்டி

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பகுதி மலைக் கிராமப் பள்ளிகளில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். செவிலியர் அம்மா இதயத்தைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார்கள். ஆனால் உங்கள் பிள்ளைகள் தம் கண்ணெதிரே முதலில் சந்திக்கப்போவது பெரும்பாலும் பாம்புக்கடியாகத்தான் இருக்கும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்தார்.

பாம்புக்கடிக்கான முதலுதவியில் செய்ய வேண்டியது கொஞ்சம், செய்யக் கூடாததுதான் அதிகம். கடிபட்டவரை நடக்க விடாமல் உட்கார வைத்துத் தைரியம் சொல்ல வேண்டும். மோதிரம், மெட்டி, கொலுசு, வளையல் ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்ற வேண்டும். கடிபட்ட காலையோ கையையோ எலும்பு முறிந்ததற்குக் கட்டுவதுபோல் ஒரு குச்சியை வைத்து அசையாமல் தளர்வாகக் கட்ட வேண்டும். பிறகு அரசு மருத்துவமனை. வண்டி வராத இடமென்றால் இருசக்கர வாகனத்தில் அவரை நடுவில் உட்கார வைத்துப் பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு போகலாம். கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பச்சிலை அரைத்துப் பூசுவது, பாம்பைத் தேடி அடிக்கப் போவது ஆகிய எதுவும் கூடாது. இறுகக் கட்டினால் விரியன் கடித்த இடத்தில் சதை அழுகும். அந்தக் கட்டைத் திடீரென்று அவிழ்த்தாலும் ஆபத்து. ஏற்கெனவே யாராவது கட்டியிருந்தால் வழியில் அவிழ்க்காமல் மருத்துவரிடமே விட்டுவிட வேண்டும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஒரே மருந்துதான் கொடுக்கப்படுகிறது. ஆகையால் பாம்பைப் பிடித்துக்கொண்டு போய்க் காட்ட வேண்டிய தேவையே இல்லை.

கட்டுவிரியனைப் பற்றித் தனியாகச் சொல்லுங்கள். இரவில் தரையில் படுத்துத் தூங்குபவரை அது கடித்தால் வலியே தெரியாமல் போகலாம், பல் பட்ட தடமும் தெரியாமல் இருக்கலாம். விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுவார்கள். பிறகு கண்ணிமை தானாகச் சரியும், பேச்சு குழறும், மூச்சு அடங்கும். "சோறு செரிக்கவில்லை" என்று கஷாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். அந்தப் பையன் ஆறாம் வகுப்பு, என் மாணவன். அவன் மீண்டு வரவில்லை. இமை சரிந்திருந்ததை அவனுடைய அக்கா பார்த்திருக்கிறாள். அதற்கு என்ன பொருள் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எங்கள் பள்ளியில் பாம்புக்கடி பற்றிப் பேசத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

இத்தனையையும் பிள்ளைகள் எளிதில் கற்றுக்கொண்டுவிடுவார்கள். கடினமானது வேறு. தாத்தா கயிற்றை எடுத்துக்கொண்டு வரும்போது, மாமா மந்திரிக்க அழைத்துப் போகும்போது, பதினான்கு வயதுப் பிள்ளை என்ன சொல்லும்? எதிர்த்துப் பேசினால் அடி விழும். பேசாமல் இருந்தால் உயிர் போகும். அதையே நாங்கள் வகுப்பில் நடித்துப் பழகினோம். ஒருவன் தாத்தா, ஒருத்தி பேத்தி. "கட்டாதீங்க தாத்தா, கட்டினால் காலை எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், வண்டியைக் கூப்பிடுங்க" என்று மரியாதை குறையாமல், ஆனால் விடாமல், மூன்று முறை சொல்லிப் பழக வேண்டும். பூசாரியிடம் போயே தீருவோம் என்றால், "வண்டியிலேயே திருநீறு பூசிக்கொண்டு போகலாம், நேரம் போகுது" என்று சொல்லவும் கற்றுக்கொடுத்தோம். நம்பிக்கையைப் பழித்துப் பேசக் கூடாது. மருத்துவமனைக்குப் போகும் நேரத்தை மட்டும் காப்பாற்றினால் போதும். உங்கள் சாவிக் கதைக்கும் இதுவே மருந்து என்று நினைக்கிறேன். அடுத்த முறை யாராவது சாவியைக் கொண்டுவந்தால், "சாவி வேண்டாம், சுற்றி நிற்காமல் விலகுங்கள், மணி பாருங்கள், ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் 108" என்று சொல்லும் வாய் வேண்டும்.

பதில் 3: ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர்

நான் எழுதுவது ஒரே ஒரு பயிற்சியைப் பற்றி. தொலைபேசியில் இடம் சொல்லக் கற்றுக்கொடுங்கள். நம் மாவட்டத்தில் பாதி மக்கள் ஊருக்குள் இல்லை, நிலத்தில் கொட்டாய் போட்டுக் குடியிருக்கிறார்கள். ஒரே பெயரில் இரண்டு, மூன்று கொட்டாய்கள்கூட இருக்கும். பதற்றத்தில் "எங்க கொட்டாய்க்கு வாங்க" என்று சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டிக்கிறார்கள். நாங்கள் சாலையில் நின்று தேடுகிறோம். ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டுக்கு வழியை, வட்டம், ஊராட்சி, தார்ச்சாலையில் எந்த இடத்தில் திரும்ப வேண்டும், அருகில் உள்ள பள்ளி, ஏரி, ரேஷன் கடை எது என்று நான்கு வரியில் எழுதி, அதைத் தொலைபேசியில் சொல்வதுபோல் சொல்லிப் பார்க்கட்டும். எழுதிய தாளை வீட்டுச் சுவரில் ஒட்டட்டும். எதிர்முனையில் இருப்பவர் சொல்லும்வரை அழைப்பைத் துண்டிக்கக் கூடாது. இரவென்றால் ஒருவர் டார்ச் விளக்கோடு சாலை முனையில் நிற்க வேண்டும்.

தொப்பூர் கணவாய் போன்ற நெடுஞ்சாலைப் பகுதிகளில் விபத்து நடந்தால், சாலைக்குள் ஓட வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். இரத்தம் கொட்டும் இடத்தைச் சுத்தமான துணியால் விடாமல் அழுத்திப் பிடிப்பது ஒன்றே பல உயிர்களைக் காக்கும். போலீஸ் விசாரணைக்கு அஞ்சிப் பெற்றோர் தடுத்தால், உதவி செய்தவரின் மீது வழக்கு வராது, பெயரைக்கூடச் சொல்லக் கட்டாயமில்லை என்று 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு கூறுவதை எடுத்துச் சொல்லுங்கள். விபத்தில் காயமடைந்தவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் திட்டமும் 2021 டிசம்பர் முதல் நம் மாநிலத்தில் உள்ளது.

பதில் 4: ஒரு மாணவனின் தந்தை, காவேரிப்பட்டணம்

எல்லோரும் நல்லதைத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஒரு தகப்பனாக எனக்கு இரண்டு அச்சங்கள் உண்டு, மறைக்காமல் எழுதுகிறேன்.

என் மகன் பத்தாம் வகுப்பு. முதுகில் பிளாஸ்டிக் கேன் கட்டிக் கிணற்றில் நீச்சல் பழகியவன். "காப்பாற்ற வேண்டும்" என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தால், யாராவது மூழ்கும்போது இவனும் குதித்துவிடுவான். ஒருவரைத் தூக்கப் போய் இருவராகப் போன துக்க வீடுகள் எங்கள் பக்கம் உண்டு. மோட்டார் கொட்டகையிலும் அப்படித்தான். மும்முனை மின்சாரத்தில் ஒட்டிக்கொண்ட அப்பாவை இழுக்கப் போய் மகனும் விழுகிறான். எனவே முதல் மணி நேரத்தில், "எப்போது தொடக் கூடாது" என்பதைச் சொல்லிவிட்டுப் பிறகு மற்றதைச் சொல்லுங்கள்.

இரண்டாவது, பிள்ளை நெஞ்சை அழுத்தியும் அந்த மனிதர் இறந்துவிட்டால், "நான்தான் சரியாகச் செய்யவில்லை" என்று காலமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்க மாட்டானா? இதற்கு யாராவது பதில் சொன்னால், நானே எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் இந்தப் பயிற்சியைக் கேட்டுப் பெறுவேன்.

பதில் 5: செவிலியர், தர்மபுரி

ஐயா, உங்கள் இரண்டு அச்சங்களும் நியாயமானவை. முதலாவதில் நான் உங்களோடு முழுவதும் உடன்படுகிறேன். என் பதிலில் அதை முதலில் எழுதாமல் விட்டது என் பிழை. தண்ணீர் என்றால் கத்திக் கூப்பிடு, கயிறோ வேட்டியோ புடவையோ நீளமாகக் கொடு, மூடி இறுக்கிய காலி கேனை வீசு, நீ இறங்காதே. மின்சாரம் என்றால் முதலில் மெயின் சுவிட்சை அணை, அணைக்கும்வரை தொடாதே. அறுந்து விழுந்த கம்பி என்றால் கிட்டவே போகாதே. கரைக்கு வந்தபின் மூழ்கியவரின் வயிற்றை அமுக்குவதும், காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றுவதும் கூடாது. மூச்சு இல்லையென்றால் முதலில் மூச்சு ஊதிவிட்டுப் பிறகு முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு என்று தொடர வேண்டும்.

இரண்டாவது அச்சத்துக்கு, பிள்ளைகளிடம் உண்மையை முன்கூட்டியே சொல்வதுதான் வழி. டென்மார்க்கைப் பற்றி எழுதினேன் அல்லவா? கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு உடனிருந்தவர்கள் சி.பி.ஆர். செய்த அந்த 2010-இலும், ஒரு மாதம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 11 பேர்தான். 2001-இல் அது நான்குக்கும் குறைவு. எல்லாம் சரியாகச் செய்தும் பலர் பிழைப்பதில்லை. மருத்துவமனைக்குள் எங்கள் கையிலும் அப்படித்தான். அழுத்தத் தொடங்கும்போது அந்த இதயம் ஏற்கெனவே நின்றுவிட்டது; பிள்ளையின் கையால் அதற்கு மேல் கெட்டுப்போக எதுவும் இல்லை. விலா எலும்பு முறிந்தாலும் அது ஆறிவிடும். இதைப் பயிற்சி நாளிலேயே சொல்ல வேண்டும். உண்மையில் அப்படி நடந்துவிட்டால், அந்தப் பிள்ளையை அன்று தனியாக வீட்டுக்கு அனுப்பாமல் ஒரு பெரியவர் கூட உட்கார்ந்து பேச வேண்டும்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தீக்காயமும் எலும்பு முறிவும் கட்டுப்போடும் வகைகளும் பாடப்புத்தகத்தில் இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். தீக்காயத்துக்கு இருபது நிமிடம் குழாய்த் தண்ணீர், பற்பசை வேண்டாம் என்ற ஒரு வரியை மட்டும் சொல்லிவிடுவேன். முதல் சனிக்கிழமை தொடக் கூடாத இடங்கள், இடம் சொல்லும் பயிற்சி, நெஞ்சழுத்தம். இரண்டாம் சனிக்கிழமை பாம்புக்கடி, வலிப்பு, தாத்தா-பேத்தி நடிப்பு, பத்தாம் வகுப்புக்கு மூச்சு ஊதுதல். உடற்கல்வி ஆசிரியர் ஒன்பது பழைய பந்துகள் தருவதாகச் சொல்லியிருக்கிறார்; மீதிக்குத் தலையணையை இறுக்கிக் கட்டப் போகிறேன்.

ஓர் ஐயம் மட்டும் மிச்சம். மாணவிகள் சிலர், வேற்று ஆணின் நெஞ்சில் கை வைப்பதா என்று கூசுகிறார்கள். மாணவர்களுக்கோ, விழுந்தவர் பெண் என்றால் என்ன செய்வது என்ற தயக்கம். இதை எப்படி எடுத்துச் சொல்வது?

பதில் 6: செவிலியர், தர்மபுரி

பந்துகளில் பாதிக்குச் சட்டையும் பாதிக்குத் துப்பட்டாவோடு சுடிதார் மேலாடையும் போடுங்கள். முதலில் ஆண், பெண் தனித்தனிக் குழுக்களாகப் பழகட்டும். பிறகு எல்லோரும் இரண்டு வகையிலும் செய்யட்டும். கை வைக்கும் இடம் மார்பெலும்பு, ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே எலும்பு, அதே இடம் என்று ஒருமுறை எலும்புக்கூட்டுப் படத்தில் காட்டிவிட்டால் பாதிக் கூச்சம் போய்விடும். ஆடையைக் கழற்ற வேண்டியதில்லை, மேலேயே அழுத்தலாம். சுற்றி நிற்கும் பெண்கள் புடவையைப் பிடித்து மறைப்புக் கட்டலாம். அதற்காக அழுத்துவதை நிறுத்தக் கூடாது. முதல் சனிக்கிழமை எந்தத் தேதி என்று எழுதுங்கள் அம்மா, எனக்கு இரவுப் பணி இல்லையென்றால் பேருந்தில் வந்து சேர்கிறேன்.